முப்பது பெட்டியும் ஒரு கொம்பும்

இறுதி ஆண்டுத் திட்டத்துக்கு என் வகுப்பில் பாதிப் பேர் செயலி, இணையத்தளம் என்று எடுத்தார்கள், நான் பெட்டி எடுத்தேன். முகத்துக்குப் பூசும் ஒரு பொருளுக்கு அட்டைப்பெட்டி. திரையில் வரைந்து காட்டினால் மதிப்பெண் கிடையாது. அச்சடித்து, வெட்டி, மடித்து, உள்ளே ஜாடியை வைத்து மேசையில் நிறுத்த வேண்டும். கண்காட்சிக்கு முப்பது பெட்டி. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் தமிழில் தேடியபோது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பொருள் பெடாக் செஜுக். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: அரிசியை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, அரிசி விரலில் நசுங்கும் பதத்துக்கு வந்ததும் அரைத்து, துணியின்மேல் துளித்துளியாக விட்டு வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த துளிகளைப் பாண்டான் இலையோடு போட்டு மூடி வைத்தால் மணம் ஏறும். மலாய்ப் பெண்களின் கைப்பக்குவம் இது. என் பாட்டி கெடா மாநிலத்தில் தோட்டத்தில் இருந்த காலத்தில் பக்கத்து மலாய்க் கம்பத்து (கிராமத்து) மக்சிக் ஒருவரிடம், அதாவது ஒரு மலாய் அத்தையிடம், கற்றுக்கொண்டார். ராத்திரி படுக்கப்போகும் முன் நாலைந்து துளியை உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, தனக்குப் பூசியது போக மீதியை எனக்குப் பூசிவிடுவார். அந்தக் குளிர்ச்சி இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

பெயர் 'வெண்துளி' என்று வைத்தேன். தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டினேன். புணர்ச்சி விதிப்படி வெண்டுளி என்றுதான் வரும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பெட்டியைக் கையில் எடுப்பவருக்குத் துளி என்ற சொல் முழுசாகக் கண்ணில் பட வேண்டும், வெண்டுளி என்றால் அது உள்ளே ஒளிந்துகொள்கிறது. வெண்தாமரை என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்களே என்று கேட்டேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "சரி, வெச்சுக்கோம்மா" என்றார்.

பெயர் தமிழில்தான் பெரிதாக வர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் தெருவில் கடை கடையாக ஏறி, குங்குமச்சிமிழ், சந்தனப்பொடி, சீயக்காய் என்று கண்ணில் பட்ட அட்டைப்பெட்டியை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அன்று நான் பார்த்தவற்றில் தமிழ் பெரிதாக இருந்தவை எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. இங்கே தயாரானவற்றில் மலாயும் ஆங்கிலமும் முன்னால் இருந்தன, தமிழ் இருந்தால் ஓரமாக, சின்னதாக. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகப் பூசிக்கொண்ட ஒன்றுக்கு நம் எழுத்தில் ஒரு பெட்டி வேண்டும் என்று தோன்றியது. மலாயும் ஆங்கிலமும் கீழே வரட்டும், அவையும் வேண்டியவையே.

முதலில் அளவு. ஜாடியின் விட்டத்தை அளந்தேன், 60 மி.மீ. உயரம் 66. சாதாரண ஏ4 தாளில் 60க்கு 60 பெட்டி செய்து பார்த்தேன், ஜாடி அழகாக உள்ளே போனது. அதே அளவில் டைலைன் (பெட்டியை விரித்தால் எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று காட்டும் கோட்டுப்படம்) வரைந்து, ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் ஓர் அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வெட்டு இயந்திரத்தில் இருக்கும் அண்ணன் தமிழர், முப்பது வருசத்துக்கும் மேலாக அச்சுத்தொழிலில் இருப்பவர். என் கோப்பைத் திறக்கக்கூட இல்லை. முதல் கேள்வியே "ஜாடிய கொண்டாந்தீங்களா தங்கச்சி?" என்பதுதான். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டு 310 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 310 கிராம்) ஆர்ட் கார்டை, அதாவது வழவழப்பான தடித்த அட்டையை எடுத்து, எலும்புக்கத்தியால் கோடு இழுத்து, என் அளவிலேயே மடித்தார். ஜாடி போகவில்லை.

இரண்டு காரணம். ஒன்று, நான் அளந்தது ஜாடியின் உடலை, மூடி அதைவிட 1 மி.மீ. அகலம். எப்போதும் அகலமான இடத்தில் அளக்க வேண்டும். இன்னொன்று அட்டையின் தடிமன். ஏ4 தாள் 80 ஜி.எஸ்.எம்., அதன் தடிமன் கண்ணுக்கே தெரியாது. 310 அட்டை ஏறக்குறைய 0.4 மி.மீ. இருக்கும், ஒவ்வொரு மடிப்பிலும் அது கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுகிறது. கடைசியில் 63 மி.மீ. என்று வைத்தோம். ஒட்டுவிளிம்புக்குள் போய்ச் சேரும் நாலாவது பக்கத்தை மட்டும் அரை மி.மீ. குறைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் ஒட்டிய பிறகு ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டி மூடியில் உள்ளே செருகும் நாக்கையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைத்தோம். நான் கண்டுகொண்டது இதுதான்: மாதிரிப்பெட்டியை எந்த அட்டையில் அச்சடிக்கப் போகிறோமோ அதே அட்டையில் செய்ய வேண்டும். ஒரு வெற்று அட்டைத் தாளை அச்சகத்தில் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

அச்சு எந்த முறை என்பதில் பெரிய யோசனை இல்லை. ஆஃப்செட் என்றால் நாலு வண்ணத்துக்கு நாலு தகடு போட வேண்டும், எனக்குச் சொன்ன குறைந்த எண்ணிக்கை 1000 பெட்டி. முப்பதுக்கு டிஜிட்டல்தான். 13க்கு 19 அங்குலத் தாளில் விரித்த பெட்டி இரண்டு அடங்கியது, ஆக 15 தாள், கெட்டுப்போனால் என்று இன்னும் 4 தாள். இந்த 4 தாளைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள், எனக்கு 3 தாள் கெட்டது.

வண்ணத்தில்தான் மனசு ரொம்ப அலைந்தது. பாண்டான் இலையின் பச்சை எனக்கு வேண்டும். திரையில் அது ஒளிர்ந்தது. முதல் மாதிரித் தாளில் வந்ததோ பாசி பிடித்த சுவர் நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையால் காட்டுகிறது, பளீரென்ற பச்சைகளில் பல அந்த நாலு மைக்குள் அடங்குவதே இல்லை. கோப்பை அந்த நாலு மைக்கான சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாற்றியதும் திரையிலேயே மங்கிவிட்டது, நான்தான் அதைக் கவனிக்காமல் அனுப்பியிருக்கிறேன். பேண்டோன் என்று முன்கூட்டியே கலந்த தனி மை ஆஃப்செட்டில் போடலாம், எனக்கு அந்த வழி இல்லை. அண்ணன் சொன்ன யோசனை இது: ஒரே தாளில் பன்னிரண்டு பச்சைச் சதுரங்கள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மை விகிதத்தை எழுதி, அதே அட்டையில் அச்சடித்து, மேலே லாமினேஷனும் (மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போட்டுப் பார்ப்பது. லாமினேஷன் முக்கியம், பளபளப்பில்லாத மேட் படலம் ஏறியதும் நிறம் இன்னும் ஒரு படி அடங்குகிறது. அந்தத் தாளைக் கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்த சதுரத்தின் மை விகிதம்: சியான் 70, மெஜந்தா 5, மஞ்சள் 100, கறுப்பு 20. அது நான் திரையில் பார்த்த பச்சை இல்லை. ஆனால் பாட்டி வீட்டுக் கொல்லையில் இருக்கும் பாண்டானின் முதிர்ந்த இலைக்கு அதுதான் கிட்டத்தில் இருந்தது. நான் இலையையே கையோடு கொண்டுபோயிருந்தேன், ஒட்டவைத்துப் பார்த்தேன்.

அப்புறம் சின்ன எழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தமிழில் வடிவமைப்பவர்களுக்கு உதவும். பெட்டியின் பின்பக்கம் மூன்று மொழியிலும் பயன்படுத்தும் முறை வர வேண்டும். ஆங்கிலம் 5 புள்ளி (பாயிண்ட்) அளவில் தெளிவாக வந்தது, அதே 5 புள்ளியில் தமிழ் வரவில்லை. ண, ஞ, ணை, இ போன்ற எழுத்துகளுக்குள் சுழிகளும் சின்னச் சின்ன இடைவெளிகளும் இருக்கின்றன, மை கொஞ்சம் பரவினால் அவை அடைபட்டு எழுத்தே கறுப்புத் திட்டாகிவிடுகிறது. பச்சையில் வெள்ளை எழுத்தாக விட்டால் இன்னும் மோசம், மெல்லிய கோடுகளைச் சுற்றியிருக்கும் மை விழுங்கிவிடுகிறது. நான் தமிழை 7.5 புள்ளிக்கு ஏற்றினேன், மெல்லிய எழுத்துருவை விட்டுவிட்டு ஹிந்த் மதுரை என்ற எழுத்துருவில் நடுத்தரத் தடிமனை எடுத்தேன், வெள்ளை எழுத்தைப் பெயருக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும்தான், 100 விழுக்காடு. நாலு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்தை அடித்தால், மைகள் ஒன்றன்மேல் ஒன்று துளி விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் விழும்.

எழுத்தின் அளவு கூடினால் இடம் போதாது. தமிழ் வாக்கியமும் நீளம், சொற்களும் நீளம். என் விரிவுரையாளர் ஒருவர் தமிழைக் குறைத்துவிடலாமே என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் குறைக்கவில்லை, திருப்பி எழுதினேன். 'சிறிதளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து நீர் சேர்த்துக் குழைத்து முகத்தில் பூசவும்' என்று இருந்ததை 'நாலு துளி, கொஞ்சம் நீர். குழைத்துப் பூசவும்.' என்று மாற்றினேன். பாட்டி சொல்வது போலவே வந்தது, இடமும் மிஞ்சியது. மூன்று மொழியில் இதுதான் இப்போது எனக்குப் பிடித்த வரி.

பின்பக்கத்தில் என்னென்ன வர வேண்டும் என்பதை நாமாக முடிவு செய்ய முடியாது. மலேசியாவில் ஒப்பனைப் பொருளை விற்க வேண்டுமென்றால் முதலில் என்.பி.ஆர்.ஏ.-விடம், அதாவது தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை அமைப்பிடம், அறிவிக்க வேண்டும். அவர்கள் தரும் எண் 'NOT' என்ற எழுத்துகளில் தொடங்கும். பெட்டியில் பொருளின் பெயரும் பயனும், பயன்படுத்தும் முறை, முழு உட்பொருள் பட்டியல், தயாரான நாடு, பொறுப்பான நிறுவனத்தின் பெயரும் முகவரியும், நிகர எடை, தொகுதி எண், தயாரித்த அல்லது காலாவதியாகும் நாள், எச்சரிக்கைகள் எல்லாம் இருக்க வேண்டும். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக, அவற்றின் அனைத்துலகப் பெயரில் எழுத வேண்டும். நம் அரிசி அங்கே ஒரைசா சட்டைவா ஆகிவிடுகிறது. இவை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும், தமிழ் நாம் விரும்பிச் சேர்ப்பது.

என்னுடையது விற்பனைக்கு இல்லை. இருந்தாலும் இந்த எல்லாவற்றுக்கும் இடம் விட்டே வடிவமைத்தேன், பிறகு யாராவது உண்மையில் செய்ய வந்தால் பெட்டி தாங்க வேண்டும் அல்லவா. அறிவிப்பு எண் வர வேண்டிய இடத்தில் பொய்யாக ஓர் எண் போடவில்லை, 'மாணவர் திட்டம், விற்பனைக்கு அல்ல' என்று மூன்று மொழியிலும் எழுதினேன். ஹலால் முத்திரை பார்க்க நன்றாக இருக்கும், போடு என்று நண்பர்கள் சொன்னார்கள். மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமிடம் சான்றிதழ் வாங்காமல் அதைப் போடக்கூடாது, மாதிரிக்குக்கூட எனக்கு மனசு வரவில்லை. பட்டைக்குறியீட்டைப் பச்சைக் கோடுகளாக வெள்ளைமேல் விட்டேன். வருடி சிவப்பு ஒளியில் பார்ப்பதால் பச்சைக் கோடு அதற்குக் கறுப்பாகத்தான் தெரியும். சிவப்புக் கோடு என்றால் படிக்காது.

வெட்டும் நாள் அன்று நான் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றேன். பெட்டியை வெட்டும் மோல்டு செய்ய 120 ரிங்கிட் ஆனது, முப்பது பெட்டிக்கு அது அதிகம்தான், ஆனால் அதைப் பார்த்த பிறகு வருத்தம் இல்லை. ஒட்டுப்பலகையில் லேசரால் கோடு வெட்டி, அதில் எஃகுப் பட்டைகளை வளைத்துச் செருகியிருக்கிறார்கள். வெட்டும் இடத்தில் பட்டை கூர்மை, மடியும் இடத்தில் மொண்ணை, உயரமும் சற்றே குறைவு. கூர்மையான பட்டைகளின் இரண்டு பக்கமும் ரப்பர், அழுத்தியதும் அட்டையைத் திருப்பித் தள்ள. இயந்திரம் பழைய ஹைடல்பெர்க், ஜெர்மன் அச்சு இயந்திரம். இரண்டு கைகள் காற்றாடி மாதிரி சுற்றிவந்து ஒன்று தாளை எடுத்து உள்ளே வைக்கும், ஒன்று வெளியே போடும். மை உருளைகளைக் கழற்றிவிட்டு இப்போது வெட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். "இதுலதான் ஒரு காலத்துல கல்யாணப் பத்திரிகை அடிச்சோம். ஈய எழுத்துக் கோத்து, எல்லாம் தமிழ்" என்றார் அண்ணன். அந்த ஈய எழுத்துகள் இப்போது எங்கே என்று கேட்டேன். எடைக்குப் போய்விட்டதாம். ஒரு பெட்டிகூட எடுத்து வைக்கவில்லையா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

ஒட்டும்போது சிக்கல். தாள் முழுவதும் மேட் லாமினேஷன் போட்டிருந்தேன், ஒட்டுவிளிம்பிலும் படலம் ஏறிவிட்டது. வெள்ளைப் பசை பிளாஸ்டிக் படலத்தில் பிடிக்காது. காய்ந்ததும் பெட்டி பிளந்துகொண்டது. விளிம்பில் அச்சும் படலமும் இல்லாமல் விட்டிருக்க வேண்டும், அல்லது படலத்தில் பிடிக்கும் பசைக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். முப்பதையும் நல்ல இரட்டைப்பக்க டேப் போட்டு உட்கார்ந்து ஒட்டினேன், அம்மாவும் தம்பியும் கூட உட்கார்ந்தார்கள். படலம் இல்லாமலும் இருக்க முடியாது, டிஜிட்டல் அச்சின் டோனர், அதாவது தூள் மை, மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு காட்டும். இன்னொன்று நம் ஊர் ஈரம். ஒரு பக்கம் மட்டும் படலம் போட்ட அட்டை, மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டுகொள்கிறது. மழை நாளில் ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவந்த கட்டு, வீடு வந்து சேர்வதற்குள் ஓடு மாதிரி வளைந்துவிட்டது. இரண்டு தடித்த பலகைக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, இரண்டு நாள் பாரம் வைத்த பிறகுதான் மடிக்க முடிந்தது.

இனி அந்தக் கொம்பு.

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஜாடி மூடிக்கு வட்ட ஸ்டிக்கர் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் கடைக்கு அவசரமாகக் கோப்பை அனுப்பினேன். பெட்டிக் கோப்பில் எல்லா எழுத்தையும் கோடாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றியே கொடுத்திருந்தேன், இதில் மறந்துவிட்டேன். கடையில் இருந்த பையன் அதை வேறொரு மென்பொருளில் திறந்து, எழுத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார். மறுநாள் 40 ஸ்டிக்கர் கைக்கு வந்தது. வெண்துளியின் முதல் எழுத்தில் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் இல்லை, பின்னால் தனியாக நின்றது. நாற்பதிலும்.

அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கணினி கொம்பை உயிர்மெய்யின் பின்னால்தான் சேமித்து வைக்கிறது, முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில்கூட இந்திய மொழிகளுக்கான தேர்வைத் திறந்து, பத்திக்கு எழுத்தைக் கோக்கும் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் எழுத்து சரியாக உட்காரும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்த வேலை நின்றுவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். இந்த நாட்டில் அறிவிப்புப் பலகையிலும் பதாகையிலும் இப்படி உடைந்த தமிழைப் பார்க்காத தமிழர் யார்? 1980களிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவர முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் ஊர்க்காரர். அப்படிப்பட்ட ஊரில், தமிழ் பெரிதாக வர வேண்டும் என்று ஏழு வாரம் அலைந்த என் கையிலேயே அது உடைந்து வந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுபடி அடித்தேன், 35 ரிங்கிட். இப்போது எந்தக் கடைக்கு அனுப்பினாலும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எழுத்து எழுத்தாகவே இருக்கும் கோப்பை என்னிடம் வைத்துக்கொண்டு, கோடாக மாற்றிய பி.டி.எஃப்.-ஐ மட்டும் அனுப்புவேன். கூடவே ஒரு படம், அதில் கொம்பும் சுழியும் வரும் இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, 'இது இந்த வரிசையில்தான் வர வேண்டும்' என்று மலாயில் எழுதியிருப்பேன். அச்சடிக்கும் முன் அவர்கள் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்தச் சிவப்பு வட்டம் உதவியாகவே இருக்கிறது.

கண்காட்சி முடிந்து மூன்று பெட்டி மிஞ்சியது. ஒன்றை அச்சகத்து அண்ணனுக்குக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, மடிப்பைக் கட்டைவிரலால் நீவி, "ஓரம் நல்லா உக்காந்திருக்கு" என்றார். இன்னொன்று பாட்டிக்கு. அவர் ஜாடியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியைச் சாமி மேடையில் திருநீற்றுப் பொட்டலம் வைக்க எடுத்துக்கொண்டார். மேட் பச்சையில் திருநீற்று விரல் தடம் ஒவ்வொன்றும் அப்படியே தெரிகிறது. பவுடர் தொட்ட கையோடு எடுக்கும் பெட்டி இது, மேட் படலத்தைத் தேர்ந்தெடுத்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை மூடிப் பக்கத்தையாவது வெள்ளையாக விட்டு அடித்துப் பார்க்க வேண்டும்.